திங்கட்கிழமைக் கைவைப்பு

பித்தப்பையை எடுத்ததிலிருந்து எனக்குக் காபி ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீர் இருந்தால் போதும். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளமான விஷயம், ஆனால் சிக்கலானது இல்லை.

எங்கள் கம்பெனிப் பரிசோதனை அறையில் நடந்த விபத்தை நீங்கள்தான் விசாரித்தீர்கள். என் தலைமை வடிவமைப்பாளனின் வலது கை பிரஸில் போயிற்று. புதுக் கருவியில் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று அவனே தன் வாயால் சொன்ன பிறகு நீங்கள் வேறு என்னத்தை எழுதுவது? ஆனால் அவன் அதை உண்மையென்று நம்பிக்கொண்டு வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இனி ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன் என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற பிரஸ் இயந்திரம் பார்த்திருப்பீர்கள். தகட்டை உள்ளே வைப்பது மனிதக் கை. இயந்திரம் இறங்குகிற நேரத்தில் கை உள்ளே இருந்தால் கை போச்சு. நாங்கள் செய்வது அதைத் தடுக்கிற கருவி. பிரஸின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். கை குறுக்கே வந்தால் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும். எங்கள் கருவியால் கை பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டு விசேஷங்களில் என்னை முன் வரிசையில் உட்கார வைத்து உபசரித்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்து பேராக இருந்தோம். ஒருவரும் வாங்கவில்லை. ஒரு தொழிற்சாலை முதலாளி, "வாய்ப் பேச்சை நம்பி எப்படிங்க வாங்குறது?" என்று சொல்லிவிட்டு எழுந்தார். எனக்குச் சுருக்கென்றது. சட்டைக் கையை மடித்துவிட்டு, இறங்கிக்கொண்டிருந்த பிரஸுக்குள் என் கையை நீட்டினேன். அது என் கைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. அவர் அப்போதே ஆர்டர் கொடுத்தார். என் ஆட்கள் நால்வரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. அந்த மாதிரி சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

அதை வழக்கமாக்கினேன். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பரிசோதனை அறையில் கூடுவோம். யார் புதிதாக எதைச் செய்திருந்தாலும், செய்தவரே எல்லோர் முன்னாலும் பிரஸில் கை வைக்க வேண்டும். பட்டனை நான் அழுத்துவேன். கைவைப்பு என்று அதற்குப் பெயர். இதில் கொடுமை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஊரான் கையைப் பணயம் வைக்கிறவன் முதலில் தன் கையை வைக்கட்டுமே. நியாயமான பேச்சுதானே இது.

கம்பெனி வளர்ந்தது. கொட்டகை போய் இரண்டு மாடிக் கட்டடம் வந்தது. ஐந்து பேர் இருநூறு பேரானோம். கைவைப்பு மட்டும் மாறவில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் வருகிற யோசனைகள் சுருங்கிக்கொண்டே போயின. திருகாணியைக் கொஞ்சம் நீளமாக்கலாம் என்பார்கள். வயரை இடப் பக்கமாகக் கொண்டுபோகலாம் என்பார்கள். ஒருவன் மூடியின் நிறத்தைச் சாம்பலிலிருந்து நீலமாக மாற்றலாம் என்றான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, வை கையை என்றேன். பிரஸ் பக்கம் போனவன் கையை நீட்டுவதற்கு முன்பே மயங்கி விழுந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "சாம்பலே இருக்கட்டும் சார்" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.

ஊரில் மற்ற கம்பெனிகளெல்லாம் புதிது புதிதாகக் கொண்டுவரும்போது நமக்கு மட்டும் ஏன் எதுவும் வரவில்லை என்று கேட்க ஓர் ஆலோசகரை வரவழைத்தேன். கெட்டிக்காரப் பெண். எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு என் அறைக்கு வந்தார்.

"உங்க ஆளுங்க திறமைசாலிங்க சார். ஆனா புதுசா எதையாவது யோசிச்சா, அவங்க கண்ணு முன்னாடி முதல்ல வர்றது கருவி இல்ல, உங்க முகம்."

"என் முகத்துக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க திட்டுறதே கிடையாதாம். அதுதான் இன்னும் பயமா இருக்குன்னு சொல்றாங்க."

வாசல்வரை போய் மரியாதையாக அனுப்பி வைத்தேன். திட்டாமல் இருப்பதும் ஒரு குற்றமா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பயப்படாதவன் ஒருவன் இருந்தான். கல்யாணமான மறுநாளே புதுச் சட்டையும் புது வாட்சுமாக வேலையில் வந்து சேர்ந்ததால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது. உங்கள் அறிக்கையில் அவன் முழுப் பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவன் மாப்பிள்ளைதான். கைவைப்பு என்றால் விசிலடித்துக்கொண்டே போய் இடது கையை நீட்டுவான். வலது கையை எதற்குமே கொடுக்க மாட்டான். "படம் போடுற கை அண்ணா, அதுக்கு லீவு" என்பான். கம்பெனியில் கடைசிவரை என்னை அண்ணா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

மதியச் சாப்பாடு என் அறையில், நானும் அவனும். என் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அது தெரிந்து மாப்பிள்ளையின் மனைவி எனக்கும் சேர்த்து ஒரு டப்பா கொடுத்தனுப்புவாள். சாப்பிடும்போது மேஜையில் விரலால் வரைந்து வரைந்து காட்டுவான். கையையும் தகட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு காமிராக் கண் செய்ய வேண்டும், தகடு போனால் விட வேண்டும், கை வந்தால் நிறுத்த வேண்டும், அது வந்தால் வேலையும் வேகமாக நடக்கும், ஒரு விரலும் போகாது என்பான். சும்மா சொல்லக் கூடாது, அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன், அதில் ஒரு சிக்கல், மறுபடி ஆஸ்பத்திரி என்று நாள் இழுத்துக்கொண்டே போனது. பொறுப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். நல்லபடியாகத்தான் நடத்தினான். மிக நல்லபடியாக நடத்தினான்.

திரும்பி வந்த அன்று திங்கட்கிழமை. படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பரிசோதனை அறையில் பிரஸுக்குள் ஒரு ரப்பர் கை இருந்தது. துணிக்கடைப் பொம்மையின் கை. யாரோ அதன் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசி, விரலில் மோதிரம்கூடப் போட்டிருந்தார்கள். அதற்கு அத்தை என்று பெயர். "அத்தை இன்னைக்குப் பிழைப்பாங்களா பாப்போம்" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பிரஸ் இறங்கி அத்தையின் இரண்டு விரலைத் துண்டித்தது. அறை முழுக்க ஒரே சிரிப்பு. "போச்சு, அத்தைக்கு மறுபடி ஒட்டுப் போடணும். சரி, எங்கே கோட்டை விட்டோம்?" என்று மாப்பிள்ளை கேட்க, ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு பேசினார்கள். மூடியின் நிறத்துக்காக மயங்கி விழுந்தானே, அவன் மேஜை மேலே ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தான்.

வாசலில் நான் நிற்பதை ஒருவர் பார்த்தார். சத்தம் நின்றது. மேஜை மேலே நின்றவன் இறங்கினான். உடம்பு எப்படி சார் இருக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நான் உட்கார்ந்தேன், நடத்துங்கள் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. நான் சிரித்துக்கூடப் பார்த்தேன். எனக்கு அன்று அழுகை வந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை பிறகு மேலே வந்தான். அவன் எதையும் பக்குவமாகத்தான் சொல்வான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உட்கார்ந்திருந்தா யாருக்கும் வாயே வரமாட்டேங்குது. கொஞ்ச நாளைக்குத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வராம இருந்து பாருங்களேன்."

"அப்புறம் நான் என்ன பண்றது?"

"நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணா. இத்தனை வருஷம் ஓடினது போதாதா?"

சரி என்றேன். சொன்னபடியே இருந்தேன். என் அறை பரிசோதனை அறைக்கு நேர் மேலே. திங்கட்கிழமைகளில் தரை வழியாகச் சிரிப்பு வரும், நாற்காலி இழுபடும், கை தட்டுவார்கள். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. கம்பெனி தொடங்கியதிலிருந்து நாங்கள் செய்யாத புதுமைகள் அந்த ஒரு பருவத்தில் வந்தன. காமிராக் கண்ணும் வந்துவிட்டது. வேலை மும்முரத்தில் மாப்பிள்ளை கீழேயே அவர்களோடு சாப்பிடத் தொடங்கினான். எனக்கான டப்பா மட்டும் தவறாமல் மேலே வந்தது.

நான் பொறாமைப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். என் கவலை வேறு. பயம் இல்லாதவன் பாதுகாப்புக் கருவி செய்யக் கூடாது. ரப்பர் விரல் போனால் சிரிக்கிறவர்களுக்கு நிஜ விரல் என்றால் என்னவென்று மறந்துவிடும். அதை யாராவது நினைவுபடுத்தியாக வேண்டும். நான் தலைவன், அது என் வேலை. அப்படித்தான் நினைத்தேன்.

காமிராக் கண்ணைப் பார்க்க ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையை மேலே கூப்பிட்டேன்.

"வர்றவங்க முன்னாடி பொம்மைக் கையை வெச்சா சிரிப்பாங்க. நீயே கை வை."

அவன் தயங்கினான். அப்படி அவன் தயங்கி நான் பார்த்ததில்லை. "குழந்தை பொறந்தப்போ வீட்ல சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேண்ணா, இனிமே வைக்க மாட்டேன்னு."

"உன் கருவி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அது அவனுக்கு உறைத்தது. பிறகு பழையபடி சிரித்தான். "சரிண்ணா. உங்களுக்காக ஒரே ஒரு தடவை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவர்கள் வருகிற அன்று காலையில் அத்தையை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பிரஸ் ஒவ்வொரு முறையும் அழகாக நின்றது. வந்தவர்களை வரவேற்க எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். போகிற போக்கில் மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் கருவிக்கான புரோகிராமில் ஏதோ ஒரு வரியை மாற்றினான், இன்னும் கொஞ்சம் வேகமாக நிற்கட்டும் என்று. பிறகு எல்லோரும் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். அவன் மைக்கில் பேசினான். நன்றாகப் பேசினான். இந்தக் கண் எங்கள் எல்லோருடையது என்று கீழே இருக்கிறவர்களின் பெயர்களையெல்லாம் சொன்னான், கடைசியில் என்னையும் சொன்னான். கையை நீட்டினான். நான் பட்டனை அழுத்தினேன். பிரஸ் நிற்கவில்லை.

உங்கள் அறிக்கை இந்த இடத்தில் முடிகிறது. அவன் மாற்றிய அந்த வரிதான் காரணம் என்று அவன் சொன்னான், நீங்களும் எழுதினீர்கள். ஒத்திகையில் நின்ற இயந்திரம் பிறகு நிற்கவில்லை, இடையில் மாறியது அந்த ஒரு வரிதான் என்றால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இடையில் இன்னொன்றும் மாறியது.

ஒவ்வொரு பிரஸிலும் ஒரு சாவித் துவாரம் இருக்கும். பழுது பார்க்கும்போது பாதுகாப்புக் கருவியை ஒதுக்கி வைப்பதற்கு. அந்தச் சாவியைத் திருப்பிவிட்டால் கருவி கையைப் பார்க்கும், நிறுத்து என்று சொல்லும், பிரஸ் மட்டும் அதன் பேச்சைக் கேட்காது. எல்லோரும் வாசலுக்குப் போனபோது நான் போகவில்லை. சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. திருப்பினால் மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரியும், ஆகவே அந்த பல்பை முதலில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவனைப் பயமுறுத்த மட்டும்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கை உள்ளே போகும் முன் நான் தடுத்துவிடுவேன், எல்லோருக்கும் ஒரு பாடமாக இருக்கும், மறுபடி என்னைத் தேடுவார்கள் என்று. அது பொய். எப்போதும் இடது கையைத்தான் வைப்பான் என்று சொன்னேன் இல்லையா? அன்று அவனுடைய இடது கையில் மைக் இருந்தது. அதை இடது கையில் கொடுத்தது நான். நீட்டுவதற்கு முன் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வைக்கலாமா அண்ணா என்கிற மாதிரி. நான் தலையசைத்தேன். அப்போது என் விரல் பட்டன் மேல் இருந்தது, தடுக்க நேரமும் இருந்தது.

பிறகு என்ன, ஒரே களேபரம். எல்லோரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் சாவியைப் பழையபடி திருப்பி எடுத்துவிட்டு பல்பையும் மாட்டினேன். அவனை வெளியே இழுத்த அவசரத்தில் யாரோ காமிராவின் வயர்களை அறுத்துவிட்டார்கள், அதனால் கருவியை ஓட்டிப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த யாரோவும் நான்தான். ஆனால் அவன் கையைச் சுற்றித் துணி கட்டியதும் நான்தான், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போனதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவனுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. என்னைப் பார்த்ததும் அழுதான். "மன்னிச்சிடுங்கண்ணா, அத்தனை பேர் முன்னாடி உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றான். பரவாயில்லை, விடு என்றேன். அவன் மனைவி பக்கத்தில் குழந்தையோடு நின்றாள். சத்தியத்தை மீறச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. "நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தினமும் அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. பழைய மதியங்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு வித்தியாசம், அவன் எதையும் வரைந்து காட்டவில்லை. இடது கைதான் நன்றாக இருக்கிறதே, காட்டேன் என்று கேட்டுப் பார்த்தேன். "வேண்டாண்ணா, நான் செஞ்சா யாரையாவது கொன்னுடுவேன்" என்றான். வீட்டுக்குப் போன பிறகு, இதுவரை அவன் செய்த கருவிகளையெல்லாம் கழற்றிவிடுங்கள் என்று வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லியிருக்கிறான். சிலர் கழற்றியும்விட்டார்கள். வெறும் பிரஸில் கை வைத்து வேலை நடக்கிறது. ராஜினாமாவை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டான். டப்பாவும் நின்றுவிட்டது.

இப்போது திங்கட்கிழமைக் கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள். ரப்பர் கையை யார் தூக்கி எறிந்தார்கள் என்று தெரியவில்லை. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். இருநூறு பேர் தரையைப் பார்ப்பார்கள். அந்த அமைதியை உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். போன திங்கட்கிழமை என்னால் முடியவில்லை. பாதியில் எழுந்து மாடிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியது நான். பல்பைக் கழற்றியது நான். நிற்காது என்று தெரிந்தேதான் பட்டனை அழுத்தினேன். அவன் மாற்றிய வரியில் ஒரு தப்பும் இல்லை. வயர்களைச் சேர்த்து நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன், முன்பைவிட வேகமாக நிற்கிறது. தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். இதை நீங்கள் போய் அவனிடம் சொல்ல வேண்டாம். உன் கருவி நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை என்று நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன். வேறு யார் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான், என்னிடமிருந்து கேட்டால்தான் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.